வாசகர் கேள்விகள்: அலாரம் ‘ஆஃப்’ ஆனால் ஏன் அடிக்கிறது?

கேள்வி: ஆங்கிலம் படித்தால் புரிகிறது சார். நானாக எழுதினால்தான் ‘ஹி வென்ட் அவுட்சைட் பை ரன்னிங்’ என்று வந்து நிற்கிறது. மகள் சிரிக்கிறாள். என்ன தப்பு?
– தேனி வாசகர்

பதில்: மகள் சிரிக்கட்டும், நீங்கள் தமிழில் சரியாக யோசித்திருக்கிறீர்கள், அதுதான் சிக்கல். ‘ஓடி வெளியே போனான்’ என்னும்போது நமக்கு முக்கியமான வினை ‘போனான்’. எப்படிப் போனான் என்பதை ஓடி, நடந்து, தவழ்ந்து, நொண்டி என்று ஒரு எச்சமாக முன்னால் ஒட்டிவிடுகிறோம். ஆங்கிலக்காரர் இதைத் தலைகீழாகச் செய்கிறார். எப்படி என்பதை வினையிலேயே வைத்துவிட்டு, எந்தப் பக்கம் என்பதை வாலில் ஒரு குட்டிச் சொல்லாகத் தொங்கவிடுகிறார்: ‘ஹி ரேன் அவுட்’. தவழ்ந்தால் ‘கிரால்ட் அவுட்’, நொண்டினால் ‘லிம்ப்ட் அவுட்’, யாருக்கும் தெரியாமல் நழுவினால் ‘ஸ்னீக்ட் அவுட்’, கோபத்தில் கதவைச் சாத்திவிட்டுப் போனால் ‘ஸ்டார்ம்ட் அவுட்’. ‘அவுட்’ அப்படியே இருக்க, முன்னால் உள்ள வினை மட்டும் மாறுகிறது. எங்கிருந்து என்று சொல்ல வேண்டுமானால் ‘அவுட் ஆஃப் தி ஹவுஸ்’. நம் ‘இலிருந்து’வை நினைத்துக்கொண்டு ‘ஃப்ரம்’ போடாதீர்கள்.

உலக மொழிகளை இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே இரண்டு கூட்டமாகப் பிரித்துக் காட்டினார் லியோனார்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர். ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரு பக்கம். ஸ்பானிஷ் மறுபக்கம், அவர்களும் நம்மைப் போல ‘ஓடி நுழைந்தான்’ என்றுதான் சொல்வார்கள். நுழை, வெளியேறு, ஏறு, இறங்கு, கட என்று திசையையே வினையாக வைத்திருக்கும் தமிழும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

சட்டசபைச் செய்தியில் வரும் ‘வெளிநடப்பு’ என்ற சொல்லைக் கவனித்திருக்கிறீர்களா? ‘வாக் அவுட்’ அப்படியே சட்டை மாற்றிக்கொண்டு வந்தது. சபையை விட்டு வெளியேறினார்கள் என்பதுதான் நமக்குச் செய்தி, நடந்து போனார்களா என்று யார் கேட்டது? ஆனாலும் சொல் நிலைத்துவிட்டது, எனக்கும் பிடித்த சொல்தான்.

இன்னொன்று, மொழிபெயர்ப்பவர்களைப் படுத்துவது. ‘தி டாக் ரேன் அவுட்’ என்றால் நாய் வெளியே ஓடி வந்ததா, ஓடிப் போனதா? ஆங்கிலம் வாயே திறக்காது. ‘வெளியே ஓடியது’ என்று நாமும் தப்பிக்கலாம், ஆனால் கதை சொல்லும்போது தமிழ்க் காது வந்ததா போனதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பார்ப்பவர் வீட்டுக்குள் இருக்கிறாரா தெருவில் நிற்கிறாரா என்று முன்பின் வாக்கியங்களைத் துழாவித்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம், கிரிக்கெட்டை இதில் கலக்க வேண்டாம். அங்கே ‘ஹி வாஸ் ரன் அவுட்’. ‘ஹி ரேன் அவுட்’ என்றால் ஆள் வெளியே ஓடிவிட்டான்.

கேள்வி: லைட் ‘வென்ட் ஆஃப்’ என்றால் அணைந்தது. அலாரம் ‘வென்ட் ஆஃப்’ என்றால் அடித்தது என்கிறார் என் பையனின் ஆசிரியை. ஒரே சொல் எப்படி இரண்டு வேலை செய்யும்?
– விருதுநகர் வாசகி

பதில்: ஆசிரியை சொன்னது சரி. ‘ஆஃப்’ என்றவுடன் சுவிட்சை நினைத்துக்கொள்கிறோம், அதனால் வரும் குழப்பம். அதன் பழைய வேலை விலகல், பிரிதல்: ‘ஹி வென்ட் ஆஃப்’ என்றால் கிளம்பிப் போய்விட்டான். துப்பாக்கியும் வெடிகுண்டும் ‘கோஸ் ஆஃப்’ ஆவதும் அப்படித்தான், அதுவரை பிடித்து வைத்திருந்தது விடுபட்டுக் கிளம்புகிறது. அலாரத்தையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், சாவி கொடுத்த கடிகாரத்தை நினைத்தால் மனதில் ஒட்டும். லைட்டிலோ மின்சாரம் விலகிப் போகிறது. பிரிட்டனில் பாலும் ‘கோஸ் ஆஃப்’, அதாவது கெட்டுப்போகிறது. பார்த்தீர்களா, நாமும் ‘கெட்டுப்போச்சு’ என்றுதான் சொல்கிறோம், பால் எங்கேயும் போகவில்லை.

கேள்வி: ‘கோ டு ஸ்கூல்’ சரி என்றால் ‘கோ டு ஹோம்’ ஏன் தப்பு?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, கரூர்

பதில்: அந்த இடத்தில் ‘ஹோம்’ பெயர்ச்சொல் இல்லை, வினையடை. ‘வீட்டுக்கு’ என்பதில் உள்ள ‘க்கு’ அதற்குள்ளேயே இருக்கிறது, மேலே ‘டு’ போட்டால் ‘வீட்டுக்குக்கு’ ஆகிவிடும். ஹியர், தேர், அப்ராட், அப்ஸ்டேர்ஸ் எல்லாம் இதே ஜாதி. ‘ரிட்டர்ன் பேக்’கும் இப்படித்தான், ‘ரிட்டர்ன்’ என்றாலே திரும்புதல். ‘திரும்பி வா’ என்று இரண்டு சொல்லில் சொல்லிப் பழகிய வாய் ஒரு ‘பேக்’கைச் சேர்த்துக்கொள்கிறது. ‘கம் பேக்’ அல்லது வெறும் ‘ரிட்டர்ன்’ போதும்.

கேள்வி: அலுவலகத்துக்கு ‘ஐ கேம் லேட்லி’ என்று மெயில் போட்டேன். மேலாளர் ஒரு மாதிரி பார்த்தார்.
– சென்னை வாசகர்

பதில்: பார்த்திருப்பார். ‘லேட்’ என்பதே தாமதமாக, ‘லேட்லி’ என்றால் சமீப காலமாக. ‘லி’ சேர்த்தால்தான் வினையடை என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ‘ரேன் ஃபாஸ்ட்’ தான், ‘ஃபாஸ்ட்லி’ கிடையாது. ஸ்லோலி, குவிக்லி போன்றவற்றைத் தாராளமாகப் போடலாம், அவை திசைச் சொல்லுக்கு முன்னாலும் உட்காரும்: ‘ஷி வாக்ட் ஸ்லோலி அவுட்’.

கேள்வி: வெளிநாட்டு நண்பரிடம் ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2015’ என்றேன். ‘உடம்பு இப்போது பரவாயில்லையா’ என்று கேட்கிறார்!
– கோவை வாசகர்

பதில்: நீங்கள் பட்டம் வாங்கியதைச் சொன்னீர்கள், அவர் காதில் 2015-இல் மயங்கி விழுந்ததாகக் கேட்டிருக்கிறது. ராணுவப் பயிற்சிக் கழகத்தை முடித்தவர்களுக்குப் பிரிட்டனிலும் இதே சொல் உண்டு, அங்கிருந்து நம் கல்லூரிகளுக்குள் நுழைந்திருக்கலாம். ‘கிராஜுவேட்டட்’ என்று சொல்லிவிடுங்கள். பஸ்ஸிலிருந்து ‘கெட் டவுன்’ ஆவதும் இங்கேதான் அதிகம். ‘இறங்கு’ என்பதில் நமக்குக் கீழ்த்திசை கேட்கிறது, அவர்களுக்கு வண்டியை விட்டு விலகுவதுதான் கணக்கு: பஸ்ஸென்றால் ‘கெட் ஆஃப்’, காரென்றால் ‘கெட் அவுட்’. இதில் இரண்டாவதை நம் ஊரில் யாரிடமும் தனியாகச் சொல்லிவிடாதீர்கள், சண்டைக்கு வருவார்கள்.