பண்டிகைத் தொப்பிகளைக் கையால் செய்யத் தொடங்குபவர் எதைக் கவனிக்க வேண்டும்?

நீங்கள் இரண்டு விடயங்களைக் கேட்டிருக்கிறீர்கள். பொங்கல், புத்தாண்டு, வெசாக், நத்தார் போன்ற பண்டிகைகளைக் கருவாகக் கொண்டு கொழும்பில் கையால் தொப்பி செய்ய விரும்பினால் எதிலிருந்து தொடங்குவது என்பது ஒன்று. கடையில் வாங்கிய தொப்பியின் மேல் அலங்காரத்தை ஒட்டினால் போதாதா என்பது மற்றொன்று. வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே ஒன்பது ஆண்டுகளாக, பெரும்பாலும் முன்பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலங்களுக்காகவும் மேடை நிகழ்ச்சிகளுக்காகவும் இவ்வேலையைச் செய்து வருகிறேன். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போதாது.

நானும் ஒட்டித்தான் தொடங்கினேன். முதல் பொங்கலுக்கு ரெஜிபோம் எனும் பாரமற்ற வெள்ளை நுரைப்பலகையில் சிறு பானை ஒன்றைச் செதுக்கி, நிறம் பூசி, தொப்பியின் உச்சியில் ஒட்டிக் கொடுத்தேன். அதை அணிந்திருந்த பிள்ளை குனிந்து வணக்கம் சொன்னபோது பானை கழன்று மேடையில் உருண்டது. சபை சிரித்தது, பிள்ளை அழுதது, எனக்கு எங்கே முகத்தை வைப்பதென்று தெரியவில்லை. மறுநாள் எங்கள் வீட்டுப் பொங்கல் பானையைக் கழுவுவதற்காக அதன் கழுத்தில் கட்டியிருந்த மஞ்சள் இலையையும் கிழங்கையும் அவிழ்த்துக்கொண்டிருந்தபோதுதான், தொப்பிக்கும் அப்படியொரு கழுத்து இருப்பது கண்ணில் பட்டது. தலையை மூடும் பாகமும் விளிம்பும் சேரும் அந்த இடத்தில்தான் வழக்கமாக நாடாவும் சுற்றுகிறார்கள். அடுத்த ஆண்டு பச்சைப் பருத்தித் துணியில் நீண்ட இலைகளை வெட்டி, நடுநரம்பு தெரியும்படி மடித்துத் தைத்து, அந்தக் கழுத்தில் கட்டினேன். பஞ்சு அடைத்த மஞ்சள் கிழங்கு ஒன்று காதோரம் தொங்கியது. பானை எங்குமே இல்லை. ஆயினும் பார்த்தவர்களுக்கு அது பொங்கல் தொப்பி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆகவே ஒரு பண்டிகையை எடுத்துக்கொண்டால், அதில் எதை எப்படிக் கட்டுகிறார்கள், மடிக்கிறார்கள், பின்னுகிறார்கள் என்பதைப் பாருங்கள். வெசாக் இதற்கு மிக நல்ல உதாரணம். அட்டபட்டம் எனப்படும் எட்டுப் பக்க வெசாக் கூட்டின் அழகு அதன் சட்டத்திலும், ஒளியைப் பாதி விடும் மெல்லிய கடதாசியிலும், கீழே ஆடும் வால்களிலும் இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளையின் தலைச்சுற்றளவு 52 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்பட்டிக்கும் அஸ்தர் எனும் உள்துணிக்குமாக 2 சென்ரிமீற்றர் சேர்த்து எட்டால் வகுத்தால் ஒரு பக்கத்துக்கு 6.75 வரும், இரு ஓரமும் தையலுக்கு ஒவ்வொரு சென்ரிமீற்றர் விட்டு 8.75 அகலத்தில் வெட்ட வேண்டும். பக்கங்களுக்கு ஒளி ஊடுருவும் மெல்லிய ஓர்கன்சாத் துணி, மூலைகளுக்கு மெல்லிய கம்பி, விளிம்பில் கத்தரித்த வால்கள். பௌத்த கொடியையோ புத்தரின் உருவத்தையோ தொப்பியில் வைக்காதீர்கள். அவை அணிகலன்கள் அல்ல, நம் நாட்டில் அது வீண் மனத்தாங்கலைத் தரும்.

இந்தத் தொப்பியை முதலில் ஓர்கன்சாவில் செய்யாமல், விறைப்பாக நிற்கட்டும் என்று பக்ரம் துணியில் செய்தேன். பக்ரத்தின் விறைப்பு அதில் ஏற்றிய பசையினால் வருவது. நனைந்தால் அது மீண்டும் சாதாரணத் துணிதான். மே மாதத்துக் கொழும்பு மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊர்வலம் காலி வீதியைத் தொடுமுன் பன்னிரண்டு தொப்பிகளும் பிள்ளைகளின் காதுகளின் மேல் சரிந்து கிடந்தன. வெளியில் அணிவதற்கானவற்றில் இப்போது பக்ரத்தைத் தொடுவதில்லை. சூட்டுப் பசையும் வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகிவிடுவதால் எல்லாவற்றையும் நூலாலேயே பிடிக்கிறேன்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், சித்திரைப் புத்தாண்டிலிருந்து என்பேன். ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கும் நாட்கள். மைதானத்தில் விளையாட்டுப் போட்டிகள் நடப்பதும் அப்போதுதான். தலைக்குத் தொப்பி உண்மையிலேயே தேவைப்படும் ஒரே பண்டிகை இது. பொருளும் நம்முடையதே. பெட்டியும் பாயும் இழைக்கும் பனங்குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பதமாக்கி, நீண்ட பின்னலாகப் பின்னிக்கொள்ள வேண்டும். அந்தப் பின்னலை உச்சியின் நடுவிலிருந்து சுருளாகத் தைத்துச் செல்லும்போது கை சற்று இறுகினால் பக்கங்கள் கீழ்நோக்கி வளையும். விளிம்புக்கு வந்ததும் பின்னலைத் தளர்த்திக் கொடுத்தால் தட்டையாக விரியும். அச்சு தேவையில்லை, கைதான் அச்சு. சாயமேற்ற விரும்பினால் ஓலையைப் பின்னுவதற்கு முன்பே கொதிநீரில் சாயத்துடன் அவித்தெடுங்கள். யாழ்ப்பாணத்தில் என் அம்மம்மா பெட்டி இழைத்ததைப் பார்த்த நினைவு எனக்கு உதவியது; உங்களுக்கு அப்படி யாரும் இல்லாவிட்டால், ஓலை பின்னும் பன்னவேலை தெரிந்த ஒருவரிடம் இரண்டு நாள் உட்கார்ந்தால் போதும்.

நத்தாருக்குச் சிவப்புத் தொப்பி செய்யாதீர்கள். புறக்கோட்டையில் குவியல் குவியலாக வந்திறங்கும் இறக்குமதித் தொப்பியின் விலைக்கு நம் நூல் செலவே கட்டாது. தீபாவளியன்று எண்ணெய் தேய்த்து முழுகிய தலைக்குத் தொப்பி கேட்டு இதுவரை யாரும் என்னிடம் வரவில்லை. பிரான்ஸில் நவம்பர் 25, தொப்பி செய்பவர்களின் காவல் புனிதையான கத்தரினின் திருநாள். திருமணமாகாத இருபத்தைந்து வயதுப் பெண்கள் அன்று மஞ்சளும் பச்சையுமான தொப்பி அணியும் வழக்கம் உண்டு. அந்த இரு நிறங்களும் பொங்கல் பானையில் நாங்கள் கட்டும் மஞ்சள் கொத்தின் நிறங்கள் என்பதால், ஆண்டுதோறும் அந்த நாளில்தான் பொங்கல் தொப்பிக்கான முதல் துணியை வெட்டுகிறேன்.

கடைசியாக அளவு. நாடாவை நெற்றியின் நடுவிலும், காதுகளுக்குச் சற்று மேலும், பின்தலையின் புடைப்பின் மீதும் செல்லும்படி பிடித்து அளவெடுங்கள். அளவைக் குறித்துக்கொண்ட பின், பண்டிகையன்று பிள்ளைக்கு இரட்டைப் பின்னலா, கொண்டையா, பூ வைப்பார்களா என்று தாயிடம் கேளுங்கள். மல்லிகைச் சரம் சுற்றிய கொண்டைக்குப் பின்பக்கத்தில் ஒரு வெட்டு விட வேண்டியிருக்கும்.