வராமலே பி.எட். முடிக்கலாமா?

அன்புள்ள ஐயா,

பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். டீச்சராக வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. மாமா, “பி.எட். ரெண்டு வருஷம் தண்டம், நேரா டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதிடு” என்கிறார். வகுப்புக்கு வராமலே பி.எட். முடித்துத் தருவதாக ஒரு கல்லூரியில் சொல்கிறார்கள். எதைச் செய்வது?

தேவி

அன்புள்ள தேவி,

மாமா சொல்வது நடக்காது. பி.எட். இல்லாமல் டெட் மட்டும் எழுதி உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. டெட்டில் இயற்பியலுக்கு இரண்டாம் தாள், 150 மதிப்பெண். அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை எடுக்க. பி.எட். வைத்துக்கொண்டு ஒன்று முதல் ஐந்து வரை எடுக்க முடியாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. டெட் பாஸானாலும் அரசு வேலை கைக்கு வராது. 2018 அரசாணைப்படி நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு உண்டு. டெட் இல்லாத வழி வேண்டுமென்றால் எம்.எஸ்சி.யும் இயற்பியலிலேயே முடித்து, பி.எட்.டோடு முதுகலை ஆசிரியர் தேர்வை எழுதலாம். எம்.எஸ்சி.யைப் பிறகு அஞ்சல் வழியில்கூடப் படித்துக்கொள்ளலாம்.

வராமலே முடிப்பது பற்றித்தான் எனக்குக் கோபம். பி.எட். வகுப்புகளுக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும் என்பது விதி. அதைக் காசு வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுக்கிறவர்கள் உங்களிடமிருந்து பறிப்பது அந்த இருபது வாரப் பள்ளிப் பயிற்சியை. உளவியல் தாளை எந்த கைடிலும் படித்துவிடலாம். எட்டாம் வகுப்பில் நாற்பது பேர் முன்னால் நின்று குவிலென்ஸைப் பற்றிப் பேசும்போது, கடைசி பெஞ்சில் இரண்டு பேர் அடித்துக்கொண்டால் பாடத்தை நிறுத்துவதா, தொடர்வதா? எழுதிக் கொண்டுபோன பாடக்குறிப்பு பத்தே நிமிஷத்தில் தீர்ந்துபோனால் மீதி நேரத்துக்கு என்ன செய்வது? இதையெல்லாம் பின்வரிசையில் ஒரு மூத்த ஆசிரியர் உட்கார்ந்திருக்கும்போதே தடுமாறிக் கற்க வேண்டும். வேலைக்குப் போனபின் அப்படித் தடுமாறினால் நஷ்டம் பிள்ளைகளுக்கு.

ஷிப்ட் வேலையோடு இது ஒத்துவராது. வேலையை விடத்தான் வேண்டும். அதனால் முதலில் அரசுக் கல்லூரிக்கு முயலுங்கள், கட்டணம் குறைவு. உங்கள் பக்கத்திலிருந்து போக குமாரபாளையத்தில் ஒன்று இருக்கிறது. நுழைவுத் தேர்வு கிடையாது, டிகிரி மதிப்பெண்தான் பார்ப்பார்கள். கிடைக்காமல் தனியாரிடம் போனால், பணம் கட்டுமுன் என்.சி.டி.இ. (ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழு) அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.