நீர்மூழ்கிக் கப்பல் வரையும் பையனுக்கு என்ன வழி?

அக்கா, மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிறான், ஆனால் எந்நேரமும் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் பற்றியே பேசுகிறான், அதன் பாகங்களைக் கொப்பி முழுக்க வரைகிறான், பயமாக இருக்கிறது என்று தலவாக்கலையிலிருந்து எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கொப்பியைப் பிடுங்காதீர்கள்.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கப்பல்களில் வேலை செய்யப் பொதுவாக அந்தந்த நாட்டுக் குடியுரிமையும் பாதுகாப்பு அனுமதியும் வேண்டும். எங்கள் கடற்படையிடம் நீர்மூழ்கியே இல்லை. அதனால் ‘அங்கே வேலை எடுத்துத் தருகிறேன்’ என்று ஹட்டனிலோ கொழும்பிலோ எந்த ஏஜென்ட் சொன்னாலும் ஒரு சதம் கொடுக்க வேண்டாம், பாஸ்போர்ட்டையும் கொடுக்க வேண்டாம்.

ஆனால் அவன் வரைவது உதிரிப்பாகங்களை என்றீர்களே, அதைப் படித்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அமெரிக்காவின் ஒஹாயோ வகை அணுசக்தி நீர்மூழ்கிகளில் முதலாவது 1981இல் சேவைக்கு வந்தது. 30 வருடத்துக்கென்று கட்டியவற்றின் ஆயுளைப் பிறகு 42 வருடமாக நீட்டினார்கள். சராசரியாக 77 நாள் கடலில், பிறகு 35 நாள் துறைமுகத்தில், அந்த 35 நாளுக்குள் பழைய பாகத்தைத் தூக்கிப் புதியதை இறக்க வேண்டும் என்பதற்காகவே மூன்று பெரிய வாசல்கள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பாகம் தரமாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1963இல் திரெஷர் என்ற அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கி 129 பேரோடு மூழ்கியது, குழாய் இணைப்பொன்று விட்டுப்போய்த் தண்ணீர் புகுந்திருக்கலாம் என்றார்கள் விசாரணையில். அதற்குப் பிறகுதான் கப்பலைக் காப்பாற்றும் முக்கியமான பாகங்களுக்கு எங்கே செய்தது, யார் சோதித்தது என்று எழுத்தில் சான்று கேட்கும் முறை வந்தது. அப்படியிருந்தும் 1985 முதல் 2017 வரை நீர்மூழ்கிகளுக்கு எஃகுப் பாகம் வார்க்கும் ஓர் அமெரிக்க வார்ப்பாலையில் எஃகுச் சோதனை முடிவுகளை மாற்றி எழுதியிருக்கிறார்கள், அங்கே பொறுப்பிலிருந்தவர் 2021இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பொய் எழுதாத, கண் கூர்மையான ஒரு சோதனையாளரின் மதிப்பு எனக்கு இதில்தான் தெரிகிறது.

அந்தத் தொழில் இங்கேயே இருக்கிறது அக்கா. உலோகத்தை உடைக்காமல் அல்ட்ராசவுண்டாலும் எக்ஸ்ரேயாலும் சோதிப்பதை என்.டி.டி. என்பார்கள். இலங்கை அணுசக்திச் சபையின் தேசிய நிலையம் களனியில் இதற்குப் பயிற்சி தருகிறது. போய்லர், எண்ணெய்க் குழாய், கப்பல், பாலம் எல்லாவற்றுக்கும் இந்த ஆட்கள் வேண்டும்.

பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும் இசட் புள்ளி வந்தால் மொறட்டுவையில் பொருள் விஞ்ஞானப் பொறியியல், இல்லாவிட்டால் பேராதனையில் இயந்திரப் பொறியியல். புள்ளி வரவில்லையா, சரி, வெல்டிங்கிலோ இயந்திர வேலையிலோ தேசிய தொழிற்தகைமையான என்.வி.கியூ.வில் 4ஆம் மட்டம் எடுத்து, 5, 6 என்று டிப்ளோமா வரை ஏறலாம், 7இல் பட்டமே இருக்கிறது. என்னைக் கேட்டால் கையால் வெல்டிங் பிடித்தவன் பிழையைச் சீக்கிரம் கண்டுபிடிப்பான், ஆகவே இந்த வழியைத் தாழ்வாக நினைக்கவே வேண்டாம். விண்ணப்பிக்கும் முன் பாடம் எந்த மொழியில் நடக்கிறது என்று கேட்டுவிடுங்கள், தமிழில் படித்த எங்கள் பிள்ளைகள் நடுவில் விட்டுவிட்டு வருவது பலமுறை அதனால்தான். ஆங்கிலத்தில் அறிக்கை எழுத இப்போதே பழகட்டும்.

அவனுடைய கடைசித் தவணைப் பௌதிகவியல், இரசாயனவியல், இணைந்த கணிதப் புள்ளிகளை அனுப்புங்கள். அந்தக் கொப்பியில் இரண்டு பக்கத்தைப் படம் பிடித்தும் அனுப்புங்கள், அளவுகளைக் குறித்து வரைகிறானா என்று பார்க்க வேண்டும்.