பழைய தோட்டக் கல்லறையின் வாசலை இடித்துப் பெரிதாக்கலாமா?

தோட்டக் கல்லறை என்பது மரம் செடிகளோடு பூங்கா போல அமைத்த இடுகாடு. அதன் பழைய வாசல் குறுகலாக, மங்கலாக இருக்கிறது என்பதற்காக இடிக்காதீர்கள். அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் 1831-இல் தொடங்கிய மவுண்ட் ஆபர்ன் கல்லறையைப் பாருங்கள். அதன் எகிப்திய பாணி வாசலை வடிவமைத்த ஜேக்கப் பிகலோ ஒரு மருத்துவர்! முதலில் மரத்தில் கட்டி, கல் போலத் தெரிய மணல் தூவி வண்ணம் பூசினார்கள். சுமார் பத்தாண்டு கழித்துத்தான் கருங்கல்லுக்கு மாறினார்கள். அந்த வாசல் இன்றும் நிற்கிறது.

உள்ளே சீரமைக்கும்போது முதல் வேலை மழைநீர் வடிகால்தான். தண்ணீர் தேங்கினால் கல்லறைக் கற்கள் சாயும். பழைய சுண்ணாம்புக் காரை இணைப்புகளில் சிமென்ட் பூசவே கூடாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லின் முகமே பொரிந்து உதிரும். புல்வெட்டி இயந்திரத்தின் நைலான் கயிறு பட்டால் மென்மையான பளிங்கு தேய்ந்துபோகும். கல்லைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கையால்தான் வெட்ட வேண்டும். பூச்செடி, பெஞ்சு எல்லாம் அப்புறம்.