பாலிகை முளைக்காமல் போவது ஏன்?

கேள்வி: மூத்த மகள் கல்யாணத்தில் பாலிகை (சடங்குக்காக மண் கிண்ணத்தில் விதைக்கும் தானியங்கள்) முளைக்காமல் நாறிவிட்டது. அபசகுனம் என்று உறவில் பேசினார்கள். இளையவளுக்குத் தை மாதம் முகூர்த்தம். இந்த முறை எப்படிச் செய்வது? வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: சகுனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நெல், உளுந்து, பச்சைப்பயறு, எள், கடுகு ஐந்தையும் ஒரே கிண்ணத்தில் போட்டுப் பாலும் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைப்பதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. பால் புளித்துப் பூஞ்சணம் பிடிக்கிறது, எள் அழுகுகிறது, நெல்லுக்கோ அந்த ஊறல் போதாது.

தனித்தனியாக ஊறவையுங்கள். நெல்லை 24 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் இன்னொரு 24 மணி நேரம் கட்டிவைத்தால் முளை எட்டிப் பார்க்கும். உளுந்துக்கும் பயறுக்கும் 8 மணி நேரம். எள்ளுக்கும் கடுகுக்கும் 3 மணி நேரமே தாராளம். ஐந்து பாலிகைக்குப் பெரிய தானியங்கள் வகைக்கு இரண்டு பிடி, சின்னவை வகைக்கு ஒரு ஸ்பூன். பால் சடங்குக்கு நாலு சொட்டு தெளித்தால் போதும்.

தையில் வீட்டுக்கு வரும் புதுநெல்லை எடுக்காதீர்கள். அறுத்த கையோடு பல ரகங்கள் முளைக்காது. சில மாதம் முன்பே அறுத்துவைத்த குறுவை நெல் நல்லது. உடைத்த பருப்பும் தோல் நீக்கிய வெள்ளை எள்ளும் வேண்டாம். மருந்து கலந்த, சாயம் ஏறிய விதையைப் பிள்ளைகள் கையில் தரவே கூடாது. பத்து நாள் முன்னதாக ஒவ்வொன்றிலும் 20 விதையை ஈரத்துணியில் வைத்துப் பாருங்கள். 15க்குக் குறைவாக முளைத்தால் வேறு விதை வாங்குங்கள்.

அடியில் ஓட்டையுள்ள மண் பாலிகை, சலித்த மணல், கொஞ்சம் காய்ந்த சாணத்தூள். நெல், பயறு, உளுந்தை அரை அங்குல ஆழத்தில் போட்டு, எள்ளையும் கடுகையும் மேலாகத் தூவுங்கள். முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் முன்பே விதை தெளித்தால்தான் பச்சை தெரியும். கல்யாணத்துக்கு முதல் நாள் மண்டபத்தில் தெளித்தால் மணமேடையில் மண்தான் இருக்கும்.

பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்வதைவிட வேலையைக் கொடுங்கள். ஆளுக்கொரு பாலிகை, காலை மாலை தண்ணீர் தெளிப்பு. விதை பொறுக்கவும் காத்திருக்கவும் அதிலேயே பழகிவிடும். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறோம்: சுமங்கலிதான் தெளிக்க வேண்டும் என்று பாட்டியை ஒதுக்காதீர்கள். காலமெல்லாம் விதை காத்தவரை ஓரமாக உட்காரவைத்தால், பிள்ளைகள் அதையும்தான் கற்றுக்கொள்வார்கள்.

கல்யாணம் முடிந்து குளத்தில் கரைக்கும்போது முளையும் மண்ணும் மட்டும் போகட்டும். பிளாஸ்டிக் கிண்ணம் போகக் கூடாது. குளம் இல்லாவிட்டால் தோட்டத்தில் சேருங்கள். தண்டு நீளாத பயறு நாற்று நாலைந்தை வெயிலில் நட்டால் 65 நாளில் காய் பறிக்கலாம்.