மினிமம் பேலன்ஸ் அபராதம்: வங்கி பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பொதுத்துறை வங்கி ஒன்றில் 29 வருடம் வேலை பார்த்தேன். கடைசி ஒன்பது வருடம் வாடிக்கையாளர் புகார் பிரிவு. சென்ற வாரம் உங்கள் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, திருப்பூரில் பழைய கம்பெனி திறந்து கொடுத்த சம்பளக் கணக்கு. வேலை மாறியதும் அப்படியே விட்டுவிட்டேன். மூன்று வருடம் கழித்து மூடப் போனால், மைனஸ் 2,340 ரூபாய் இருக்கிறது, கட்டினால்தான் மூடுவோம் என்கிறார்கள். கட்டணுமா?

கட்டாதீர்கள் தம்பி. முதலில் அந்த 2,340 எப்படி வந்தது என்று தேதிவாரியாக ஸ்டேட்மென்ட் வாங்குங்கள்.

சம்பளம் வருவது நின்று சில மாதம் ஆனால் சம்பளக் கணக்கைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடுவார்கள். அதிலிருந்துதான் மினிமம் பேலன்ஸ் கணக்கு ஓடத் தொடங்கும். ஆனால் 2014 நவம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. 2015 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மினிமம் பேலன்ஸ் அபராதத்தால் மட்டுமே ஒரு சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. இருப்பு பூஜ்யம் ஆனதும் நிறுத்தியிருக்க வேண்டும். இன்னொன்று, இரண்டு வருடத்துக்கு மேல் நீங்கள் எந்த வரவு செலவும் செய்யாத கணக்கு செயல்படாத கணக்கு ஆகிவிடும். அதில் இந்த அபராதமே போடக் கூடாது.

ஸ்டேட்மென்டில் டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம் மாதிரி வேறு எதுவும் இருந்தால் அதைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். இந்த விதி அதற்குப் பொருந்தாது. மீதிக்கு இப்படி எழுதிக் கொடுங்கள்: "என் கணக்கு மினிமம் பேலன்ஸ் அபராதத்தால் மைனஸ் ஆகியுள்ளது. இது 20.11.2014 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைக்கு முரணானது. அந்தத் தொகையையும் அதன் மீதான ஜிஎஸ்டியையும் நீக்கி, கணக்கை மூடித் தரவும்." நகலில் சீலும் தேதியும் வாங்காமல் கிளையை விட்டு வெளியே வராதீர்கள்.

கேள்வி: எனக்கு எந்த எஸ்எம்எஸ்ஸும் வரவில்லை. திடீரென்று 354 ரூபாய் எடுத்திருக்கிறார்கள். இது சரியா, மேடம்?

இருப்பு குறைந்ததும் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் சொல்ல வேண்டும். சொன்ன நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் நீங்கள் சரிசெய்யாவிட்டால்தான் அபராதம். அதனால் "எந்தத் தேதியில், எந்த எண்ணுக்கு அறிவிப்பு அனுப்பினீர்கள்?" என்று எழுத்தில் கேளுங்கள். நான் பார்த்த புகார்களில் பாதிக்குமேல் இந்த ஒரு கேள்வியிலேயே முடிந்தன. பதிவு இல்லையென்றால் பணத்தைத் திருப்பித்தான் ஆக வேண்டும்.

உங்கள் மொபைல் எண் மாறி, வங்கியில் மாற்றாமல் விட்டிருந்தால் இந்த வாதம் நிற்காது. அப்போது தொகையைப் பாருங்கள். எவ்வளவு குறைந்ததோ அதற்கு ஏற்றபடிதான் அபராதம் இருக்க வேண்டும். 3,000 இருக்க வேண்டிய இடத்தில் 2,900 இருந்தால் குறைவு 100 ரூபாய்தான். அந்த நூறுக்கும் முந்நூறு பிடித்திருந்தால் கண்டிப்பாகக் கேளுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வந்த அன்றே வங்கி எடுத்துக்கொண்டது. பழைய பாக்கியாம். அம்மா அழுதுவிட்டார்கள்.

படித்துவிட்டு எனக்கும் மனசு ஆறவில்லை. 2023 செப்டம்பர் 15 அன்று அந்தத் திட்டம் தொடங்கிய சில நாட்களிலேயே இதே புகார் பல ஊர்களிலிருந்து வந்தது. வங்கிகள் இப்படிப் பிடிக்கக் கூடாது என்று அன்றைய தமிழக நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அப்போதே அறிக்கை விட்டார். முதல்வரின் உதவி மைய எண் 1100-க்குப் புகார் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார். அம்மாவின் பாஸ்புக்கில் பதிவு போட்டு, அந்தப் பக்கத்தின் நகலோடு கிளையில் எழுதிக் கொடுங்கள். 1100-க்கும் சொல்லுங்கள். அபராதத்துக்குப் பழைய பாக்கி என்று அவர்கள் சொல்வதே, இருப்பு இல்லாத கணக்கில் அதை ஏற்றி வைத்திருந்தார்கள் என்பதற்குச் சாட்சி. முதல் பதிலில் சொன்ன விதியை இங்கேயும் எழுதுங்கள்.

அதோடு நிறுத்தாதீர்கள். அம்மாவின் கணக்கை அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி அதே நாளில் இன்னொரு கடிதம் கொடுங்கள். அதில் மினிமம் பேலன்ஸே கிடையாது. எல்லா வங்கிகளும் தர வேண்டிய கணக்கு அது. "அப்படி ஒன்றும் இங்கே இல்லை" என்று கவுன்டரில் சொன்னால் நம்பாதீர்கள். அந்த வங்கியில் அம்மாவுக்கு வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. முதியோர் உதவித்தொகை, நூறு நாள் வேலைக் கூலி வாங்கும் எல்லாருக்கும் யாராவது இதைச் செய்து கொடுங்கள்.

கேள்வி: இஎம்ஐ திரும்பியதற்கு ஒரே மாதத்தில் மூன்று முறை கட்டணம் பிடித்திருக்கிறார்கள்.

கணக்கில் உண்மையிலேயே பணம் இல்லாமல் திரும்பியிருந்தால், அந்தக் கட்டணம் உங்கள் உரிமையாகத் திரும்பக் கிடைக்காது. மூன்றில் இரண்டைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் ஸ்டேட்மென்டில் இஎம்ஐ தேதிக்கு முந்தின சில நாட்களைக் கவனியுங்கள். ஈரோட்டிலிருந்து எழுதிய ஒருவருக்கு இஎம்ஐக்கு வேண்டிய பணம் சரியாக இருந்தது. முதல் நாள் வங்கி அபராதம் பிடித்ததால் 40 ரூபாய் குறைந்து, இஎம்ஐ திரும்பியது. அந்த அபராதம் தவறானது என்றால், அதனால் வந்த எல்லாமே வங்கியின் பொறுப்பு. வங்கி பிடித்தது, கடன் கொடுத்த நிறுவனம் போட்டது இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: சிவகாசியில் சின்ன அச்சகம். ஐந்து லட்சம் ஓடி (ஓவர்டிராஃப்ட், கணக்கில் இருப்பதைத் தாண்டி எடுக்கும் கடன்) லிமிட். இரண்டு முறை தாண்டிவிட்டது. அபராத வட்டி போட்டு, அதற்கும் வட்டி போடுகிறார்கள்.

முன்பு அது வழக்கம். 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி அதை மாற்றியது. அபராதத்தை வட்டி விகிதத்தோடு சேர்க்கக் கூடாது, தனிக் கட்டணமாகத்தான் போட வேண்டும். அந்தக் கட்டணத்தின் மீது மறுபடி வட்டி ஏறக் கூடாது. புதுக் கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதலும், பழைய கடன்களுக்கு 2024 ஜூன் 30-க்குள்ளும் இதைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதனால் 2024 ஜூலை முதலான ஓடி ஸ்டேட்மென்ட் முழுவதையும் எடுத்து, "பீனல் இன்ட்ரஸ்ட்" (அபராத வட்டி) என்று இருக்கும் ஒவ்வொரு வரியையும் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான வட்டி மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறுவது வேறு, அது செல்லும். லிமிட்டைத் தாண்டியதற்கு நியாயமான ஒரு கட்டணமும் இருக்கும்.

கேள்வி: மேனேஜர், "சிஸ்டம் தானாகப் பிடிக்கிறது, எங்கள் கையில் இல்லை" என்கிறார்.

கிளையிலிருந்து மேலே பரிந்துரை அனுப்பித் திருப்பிப் போட முடியும். நானே எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். "சரி சார், அதையே எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

கேள்வி: எழுதிக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. பதிலே இல்லை.

அப்படியென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரியிடம் போகலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லையென்றாலும் போகலாம். நாள் கடத்தாதீர்கள், அதற்கும் கெடு உண்டு. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ரிசர்வ் வங்கியின் புகார் தளமான சிஎம்எஸ் இணையதளத்தில் பதியலாம், சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். கடிதம் தமிழிலேயே இருக்கலாம். சந்தேகம் கேட்க 14448, அங்கே தமிழில் பேசுவார்கள். முதலில் வங்கியிடம் எழுதிக் கொடுக்காமல் நேராக இங்கே வந்தால் தள்ளிவிடுவார்கள். சீல் வாங்கச் சொன்னது அதற்காகத்தான்.

புகார் கொடுத்தபின் "ஆம்புட்ஸ்மேன் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், ஓடிபி சொல்லுங்கள்" என்று யாராவது கூப்பிட்டால் உடனே வைத்துவிடுங்கள். அவர்கள் ஓடிபி கேட்கவே மாட்டார்கள்.

கேள்வி: பல வங்கிகள் இப்போது மினிமம் பேலன்ஸையே எடுத்துவிட்டார்களாமே?

ஸ்டேட் வங்கி 2020-லேயே எடுத்தது. 2025-ல் கனரா, பஞ்சாப் நேஷனல், பாங்க் ஆஃப் பரோடா, இந்தியன் வங்கியும் எடுத்தன. பழைய பிடித்தங்கள் தானாகத் திரும்பாது, மேலே சொன்ன விதிகளை மீறியவற்றை மட்டும் கேட்கலாம்.

கேள்வி: 177 ரூபாய்தான். இதற்காக அலையணுமா அக்கா?

2019-20 முதல் ஐந்து நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் மட்டும் இந்த அபராதமாக வசூலித்தது சுமார் 8,500 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். 177, 354 என்று சேர்ந்த பணம் அது. உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பும் வேலைதான். இன்றைக்கே அனுப்பிவிட்டு, தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 31-ஆம் நாள் பதில் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள், ஆம்புட்ஸ்மேன் மனுவை நானே பார்த்துத் தருகிறேன்.