கையால் ஸ்கிரீன் பிரிண்ட் செய்த ராக் கச்சேரி போஸ்டருக்கு 40 டாலர் கொடுப்பது வீண் செலவா?

கச்சேரி முடிந்து வெளியே வரும்போது மேசையில் போஸ்டரைப் பார்த்து, விலை கேட்டுவிட்டு வாங்காமல் வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வீண் செலவே இல்லை.

நான் சிகாகோவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். வார இறுதிகளில் ஒரு சின்ன ஸ்கிரீன் பிரிண்ட் பட்டறையில் ஸ்குவீஜி, அதாவது வலை வழியே மையைத் தள்ளும் ரப்பர் பட்டை, பிடிக்கிறேன். அப்பா ஊரில் கல்யாணப் பத்திரிகைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தவர் என்பதால் ஸ்கிரீனில் பூசும் எமல்ஷன் வாசனை சின்ன வயதிலிருந்தே பழக்கம். சிகாகோவில் இந்த வேலைக்குத் தனி மரியாதை உண்டு. இங்கே ஸ்டீவ் வால்டர்ஸின் ஸ்க்ரூபால் பிரஸ் என்ற அச்சுப் பட்டறையில் தொழில் கற்ற போஸ்டர் ஓவியர் ஜே ரையன், எழுத்துகளைக்கூடக் கையாலேயே வரைகிறார்.

போன ஜனவரியில் ஒரு பங்க் கச்சேரிக்கு நான்கு நிறப் போஸ்டர் அடித்தோம். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், அதாவது சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை. 150 போஸ்டர் என்றால் ஸ்குவீஜியை 600 தடவை இழுக்க வேண்டும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி ஓடி அறை வறண்டுவிடும். காகிதம் ஈரம் இழந்து சுருங்கும். முதல் நாள் அடித்த மஞ்சள் மேல் மறுநாள் நீலம் சரியாக உட்காராது. அதனால் பட்டறைக்காரர், காகிதம் அறைக்குப் பழகட்டும் என்று முந்தின இரவே அதை ரேக்கில் பரப்பி வைக்கச் சொல்வார். கறுப்பு ஓரக்கோடுகளையும் கொஞ்சம் தடிப்பாக வரைவார், நிறம் சற்று விலகினாலும் இடுக்கு தெரியாது. நீர் மை வலையிலேயே காய்ந்து எழுத்தை அடைத்துவிடும் என்பதால் நடுவில் போன்கூட எடுக்க முடியாது. அன்று கண்ணாடி மாதிரியான நீலம் மஞ்சள் மேல் ஏறியதும், பச்சைக்கென்று தனி ஸ்கிரீனே இல்லாமல் இலைகள் எல்லாம் பச்சையாக எழுந்தன. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது அலுப்பதில்லை.

சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கில் 60களில் நடந்த கச்சேரிகளின் போஸ்டர்கள் பெரும்பாலும் ஆஃப்செட், அதாவது இயந்திர அச்சுதானே, அவை கலை இல்லையா என்று யாராவது கேட்பார்கள். கலைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் 80களில் ஆஸ்டினில் ஜெராக்ஸ் நோட்டீஸில் தொடங்கிய ஃப்ராங்க் கோசிக் போன்ற போஸ்டர் ஓவியர்கள் ஸ்கிரீனுக்கு வந்த பிறகுதான், சின்ன இசைக்குழுவுக்கும் பெரிய அளவில், கொழுத்த நிறத்தில் போஸ்டர் கிடைத்தது. நூறு இருநூறு பிரதிக்கு ஆஃப்செட் கட்டுப்படியாகாது. பல நேரம் ஓவியருக்குக் கூலியாகக் கிடைப்பதும் அடித்த போஸ்டர்களில் ஒரு பங்குதான். அதை விற்றுத்தான் அவர் கூலியைப் பார்க்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. இங்குள்ள ஒரு சங்கம் பொங்கல் விழாவுக்கு என்னிடம் போஸ்டர் கேட்டது. காசு பேசவே இல்லை, நம்ம ஆட்கள்தானே என்று நானும் வரைந்து கொடுத்தேன். வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் வரைந்த கரும்பை வெட்டிவிட்டு அந்த இடத்தில் விளம்பரதாரர் லோகோக்களை அடுக்கியிருந்தார்கள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்றுவரை மனது ஆறவில்லை.

சரி, வாங்குவதென்றால் ஓரத்தில் பென்சிலில் 37/150 (150 பிரதியில் 37ஆவது) என்பது போல எண்ணும் கையெழுத்தும் இருக்கிறதா பாருங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மை ஏறிய இடம் லேசாக மேடு தட்டும். சட்டம் போட்டு வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்; ஃப்ளோரசென்ட் மை இருந்தால் சீக்கிரம் வெளுத்துவிடும்.